குடும்பக் கலகமும் குருதிச் சோதனையும்

நீரிழிவு வியாதியால் பீடிக்கப்பட்ட சில குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை இன்சுலினுக்குக் கட்டுப்பட்டுச் சௌக்கியமாக இருப்பதும், வீடு திரும்பியபின் மருந்து தவறாதிருந்தும் ரத்தத்தில் அமிலம் மிகுந்து மறுபடியும் கொண்டுவரப்படுவதுமாக இருந்த விசித்திரத்தை, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து வைத்தியர்களால் மருந்துக் கணக்கைக்கொண்டு விளக்க முடியவில்லை. அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியிருந்த மனநோய் வைத்தியர் சால்வடார் மினுச்சின், குழந்தையை மட்டும் பார்ப்பதை விட்டுக் குடும்பத்தையே பரிசோதனைக்கு அழைத்தார். தாயும் தந்தையும் ஓர் அறையில் தங்கள் பிணக்குகளைப் பேச, ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். சற்றுப் பொறுத்து அதையும் அவர்களிடையே கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். இடையிடையே மூவரிடமும் ரத்தம் எடுத்து, மனக்கிலேசத்தின்போது அதில் மிகும் கொழுப்பு அமிலத்தை அளப்பார்கள். குழந்தை உள்ளே வந்ததும் பெற்றோரின் அளவு தணிய, குழந்தையின் அளவோ தணியாமல் நின்றதாக, 1978-இல் சகாக்களுடன் வெளியிட்ட நூலில் அவர் விவரித்தார். பெரியவர்கள் பாரத்தை இறக்கிவைத்தார்கள், சின்னது சுமந்தது. சொற்பக் குடும்பங்களைக்கொண்டு நோயின் பழியைப் பெற்றோர் தலையில் சுமத்திவிட்டார் என்று பிற்பாடு எழுந்த கண்டனத்திலும் நியாயம் உண்டுதான்.

ஓஹையோ மாநிலச் சர்வகலாசாலையில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் நேரானது. 42 தம்பதிகளின் முன்னங்கையில், காற்றை உறிஞ்சும் கருவியால் சிறு கொப்புளங்களை எழுப்பி, ஒரு முறை பரஸ்பரம் ஆதரவாகவும், மறு முறை தங்களுக்குள் ஒத்துவராத விஷயங்களைப் பற்றியும் பேசச் செய்தார்கள். பிணக்கைப் பேசியபோது புண் ஆறத் தாமதமாயிற்று. பேச்சில் துவேஷம் மிகுந்த தம்பதிகளின் புண்ணோ, மற்றவர்களுடையதில் அறுபது சதவீத வேகத்தில்தான் ஆறியது. புண்ணை ஆற்றவேண்டிய ரசாயனங்கள் அது இருந்த இடத்தில் குறைந்து, மறுநாள் காலை தேகமெங்கும் ஓடும் ரத்தத்தில் மிகுந்திருந்தன.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதே க்ஷேமம் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவரும் புத்திமதிக்கு இது சாக்ஷியாகுமோ என்றால், ஆகாது. மசாசூசெட்ஸில் பிராமிங்காம் ஊரை ஆதாரமாகக் கொண்டு நடந்துவரும் இருதய ஆராய்ச்சியிலிருந்து 2007-இல் வெளியான முடிவின்படி, கணவரோடு பிணக்கு நேரும்போது மனத்தில் உள்ளதைச் சொல்லாமல் அடக்கிக்கொள்வதாகக் கூறிய மனைவியர் பத்தாண்டுக் காலத்தில் இறக்கும் அபாயம், சொல்லிவிடுபவர்களைப்போல் நான்கு மடங்கு. ஆண்களிடத்தில் இதே மௌனத்துக்கு இந்தப் பலன் காணப்படவில்லை. ஆண் வாயை மூடுவது அநேகமாக அவனுடைய இஷ்டம், பெண் வாயை மூடுவது பெரும்பாலும் வேறு கதியின்றி என்பதுதான் காரணமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆராய்ச்சிக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.