1,000 பக்க நாவலை 10 மணி நேரத்தில் கேட்கலாமா? வானொலி நாடகத்தில் கிடைப்பதும் தொலைவதும்

டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை வாங்கியவர்கள் நிறைய பேர். முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆங்கிலத்தில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். தமிழில் டி.எஸ்.சொக்கலிங்கம் ‘போரும் வாழ்வும்’ என்ற பெயரில் மொழிபெயர்த்திருக்கிறார். அதுவும் ஒரே மூச்சில் படிக்கக்கூடிய அளவு இல்லை.

2015 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் பிபிசி ரேடியோ 4 இதற்கு ஒரு வழி காட்டியது. புத்தாண்டு தினத்தில் காலை தொடங்கி இரவு வரை, நடுநடுவே இடைவெளி விட்டு, இந்த நாவலை 10 மணி நேர நாடகமாக ஒரே நாளில் ஒலிபரப்பியது. நாடகமாக எழுதியவர் டிம்பர்லேக் வெர்டன்பேக்கர். கதையின் முக்கிய பாத்திரமான பியருக்குக் குரல் கொடுத்தவர் பேட்டர்சன் ஜோசப்.

ஆபீஸ் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வைத்தால், ஐந்தே வேலைநாளில் டால்ஸ்டாயை முடித்துவிடலாம். ஆனால், அது நாவலைப் படித்ததற்குச் சமமா?

ஆடியோ புக்கும் வானொலி நாடகமும் ஒண்ணா?

இல்லை. ஆடியோ புக் என்பது புத்தகத்தில் இருப்பதை வரி விடாமல் வாசிப்பது. பெரும்பாலும் ஒரே குரல். வானொலி நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நடிகர் இருப்பார். கதவு திறக்கும் சத்தம், குதிரைக் குளம்பொலி, இசை எல்லாம் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாவலை வெட்டி, அடுக்கி, வசனமாக மாற்றி எழுதிய ஒருவர் நடுவில் இருப்பார். அதாவது, அது வேறொருவர் எழுதிய புதிய பிரதி.

தமிழில் இதற்கு நெருக்கமான முயற்சி ஒன்று உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பல குரல் கலைஞர்களை வைத்து ஒலிப்புத்தகமாகத் தயாரித்தார் பாம்பே கண்ணன். அதைக் கேட்டவர்களுக்கு, ஒரே ஆள் வாசிப்பதற்கும் ஆளுக்கொரு குரல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று புரியும்.

எவ்வளவு வெட்டுகிறார்கள்?

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 150 ஆங்கில வார்த்தைகள் பேசலாம். 10 மணி நேரம் நிற்காமல் பேசினால் 90,000 வார்த்தைகள். ‘போரும் அமைதியும்’ ஆங்கில மொழிபெயர்ப்பில் சுமார் 5.6 லட்சம் வார்த்தைகள். அப்படியானால், 10 மணி நேர நாடகத்தில் அதிகபட்சம் ஆறில் ஒரு பங்கு வார்த்தைகள்தான் இடம்பிடிக்க முடியும். இசைக்கும் மௌனத்துக்கும் நேரம் ஒதுக்கினால் அது இன்னும் குறையும். முழு நாவலையும் வரி விடாமல் வாசித்தால் 60 மணி நேரம் ஆகும்.

மிச்சம் எங்கே போகிறது? முதல் வெட்டு, எழுத்தாளர் நேரடியாகப் பேசும் பகுதிகளுக்குத்தான். வரலாற்றை நடத்துவது நெப்போலியன் மாதிரியான ‘மாமனிதர்கள்’ இல்லை என்று டால்ஸ்டாய் பக்கம் பக்கமாக வாதாடுவார். நாவலின் கடைசிப் பகுதி கிட்டத்தட்ட ஒரு கட்டுரை. இதையெல்லாம் வசனமாக்குவது கஷ்டம்.

அதனால் எழுதுபவர்கள் கதை சொல்லும் முறையையே மாற்றுவார்கள். 2015 நாடகத்தில், பல வருடங்கள் கழித்துப் பியரும் நடாஷாவும் தங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்வதுபோல் கதை நகரும். டால்ஸ்டாயின் குரல் இருந்த இடத்தில் பெற்றோரின் குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்க இதமாக இருக்கும். ஆனால், டால்ஸ்டாயின் அந்த வாதம் மெலிந்துபோகும்.

1981இல் பிபிசி ஒலிபரப்பிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ தொடரிலும் இதே கதைதான். அரை மணி நேரம் வீதம் 26 பகுதிகள் கொடுத்தும், டாம் பாம்பாடில் என்ற பாத்திரத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் வந்த பீட்டர் ஜாக்சனின் படங்களிலும் அவர் இல்லை. இன்னொரு சுவாரசியம்: வானொலியில் ஃப்ரோடோவாக நடித்த இயன் ஹோம், அந்தப் படங்களில் ஃப்ரோடோவின் பெரியவரான பில்போவாக வந்தார்.

அப்புறம் ஏன் கேட்கணும்?

ரஷ்ய நாவல்களில் பலரும் தடுக்கி விழும் இடம் பெயர்கள். ஒரே ஆளைக் குடும்பப் பெயரால் ஒருவர், தந்தை பெயரோடு சேர்த்து இன்னொருவர், செல்லப் பெயரால் மற்றொருவர் கூப்பிடுவார்கள். நடாஷாதான் நடாலியா இலினிச்னா என்று தெரியாமல், யாரோ புதிதாக வந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பின்னால் புரட்டுவோம். வானொலியில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரியாது. பெயர் மாறினாலும் குரல் அதேதான். நூறு பக்கம் கழித்து வந்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.

இரண்டாவது, செலவு. போர்க்களத்தைத் திரையில் காட்ட ஆயிரக்கணக்கான துணை நடிகர்கள் அல்லது கோடிக்கணக்கில் கிராஃபிக்ஸ் வேண்டும். வானொலிக்கு ஒரு சிறிய ஸ்டுடியோ போதும். தேங்காய் ஓட்டைத் தட்டினால் குதிரை. சோளமாவுப் பையை அழுத்தினால் பனியில் நடக்கும் சத்தம். செலரித் தண்டை ஒடித்தால் எலும்பு முறியும் சத்தம். ஒலிப்பதிவுக் கலைஞர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை இது. மீதி எல்லாவற்றையும் கேட்பவரின் மனசு கட்டிக்கொள்ளும். அதனால்தான் 2 மணி நேரப் படத்தில் அடங்காத நாவலுக்கு, வானொலியால் 8 மணி நேரம், 10 மணி நேரம் என்று தாராளமாகக் கொடுக்க முடிகிறது.

மூன்றாவது, மனசுக்குள் பேசுவது. சினிமாவில் ஒரு பாத்திரம் மனசுக்குள் நினைப்பதைக் குரலாகப் போட்டால் பல நேரம் ஒட்டாது. வானொலியில் நடிகர் மைக்குக்கு அருகில் வந்து கிசுகிசுத்தால் போதும், அது நம் காதுக்குள்ளேயே கேட்கும்.

கைதான நாவல்

வானொலியால் என்ன முடியும் என்பதற்கு இன்னொரு ரஷ்ய நாவல் வலுவான உதாரணம். வாசிலி கிராஸ்மன் எழுதிய ‘லைஃப் அண்ட் ஃபேட்’, அதாவது ‘வாழ்வும் விதியும்’.

கிராஸ்மன் இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராட் முனையில் இருந்த பத்திரிகையாளர். அவருடைய அம்மா 1941இல் பெர்டிச்சிவ் நகரில் நாஜிக்களால் கொல்லப்பட்ட யூதர்களில் ஒருவர். இந்த நாவல் அவருக்குத்தான் சமர்ப்பணம். நாஜி முகாமையும் ஸ்டாலின் கால முகாமையும் அருகருகே வைத்துப் பார்த்ததுதான் நாவலின் ‘குற்றம்’. 1961இல் கேஜிபி வீட்டுக்கு வந்து கைப்பிரதியைப் பறிமுதல் செய்தது. கார்பன் தாள்களையும் தட்டச்சு ரிப்பனையும்கூட விடவில்லை. எழுத்தாளர் கைதாகவில்லை, நாவல்தான் கைதானது. 1964இல் கிராஸ்மன் இறந்தபோது அது அச்சில் வரவே இல்லை.

நண்பர்களிடம் அவர் ஒளித்துவைத்திருந்த பிரதி மைக்ரோஃபிலிமாக நாடு கடந்தது. 1980இல் சுவிட்சர்லாந்தில் புத்தகமானது. சோவியத் மண்ணில் வெளிவர 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2011 செப்டம்பரில் ரேடியோ 4 இந்த நாவலை 13 நாடகங்களாக, மொத்தம் சுமார் 8 மணி நேரத்துக்கு ஒலிபரப்பியது. ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற நெடுந்தொடரைத் தவிர, அந்த வாரத்தின் எல்லா நாடக நேரமும் இதற்கே ஒதுக்கப்பட்டது. இயற்பியலாளர் விக்டர் ஷ்ட்ரூமாகக் குரல் கொடுத்தவர் கென்னத் பிரானா.

எழுதிய மைக் வாக்கரும் ஜோனத்தன் மையர்சனும் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். நாவலில் நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். அத்தியாய வரிசையில் போனால் கேட்பவர் தொலைந்துபோவார். அதனால் ஒவ்வொரு நாடகமும் ஓரிரு மனிதர்களை மட்டும் பின்தொடரும்படி பிரித்தார்கள். ஒரு பகுதியைத் தவறவிட்டாலும் அடுத்ததைக் கேட்கலாம்.

அதில் ஒரு பகுதி, கெட்டோவில் அடைபட்ட விக்டரின் அம்மா மகனுக்கு எழுதும் கடைசிக் கடிதம். புத்தகத்தில் அது ஒரே ஒரு அத்தியாயம், வசனம் கிடையாது. காட்சியாக்குவது ரொம்பக் கஷ்டம். வானொலிக்கு அதில் பெரிதாக மாற்ற எதுவும் இல்லை. ஓர் அம்மா பேசுகிறார், நாம் கேட்கிறோம், அவ்வளவுதான். கேஜிபி பூட்டிவைத்த பக்கங்கள், அந்த வாரம் யார் வீட்டுச் சமையலறையிலும் கேட்கும் குரலாகின.

சரி, கேட்டால் படித்த மாதிரியா?

இல்லை. கதையும் மனிதர்களும் கிடைப்பார்கள். ஆசிரியரின் நடையும் வாதமும் பெரும்பாலும் கிடைக்காது. ‘போரும் அமைதியும்’ நாடகத்தை மட்டும் கேட்டவருக்கு நடாஷா யார், பியர் யார் என்று நன்றாகவே தெரியும். வரலாறு பற்றி டால்ஸ்டாய் என்ன நினைத்தார் என்பது பாதிதான் தெரியும். ஆனால், புத்தகத்தைத் திறக்கவே பயந்தவருக்கு அது உள்ளே நுழையும் வாசல். பாத்திரங்களின் குரல் மனதில் பதிந்த பிறகு படித்தால், பெயர்க் குழப்பம் பாதி குறைந்திருக்கும்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு 4 குறிப்புகள்

1. வாங்கும் முன் ‘முழு வாசிப்பா, சுருக்க வாசிப்பா, நாடகமா?’ என்று பாருங்கள். மொத்த நேரமே காட்டிக்கொடுத்துவிடும். ‘போரும் அமைதியும்’ 60 மணி நேரம் என்றால் முழு வாசிப்பு, 10 மணி நேரம் என்றால் நாடகம் அல்லது சுருக்கம்.

2. வேகத்தை 1.5 ஆக்காதீர்கள். பாட்காஸ்ட்டுக்கு அது சரி. நாடகத்தில் மௌனமும் வசனம்தான்.

3. முதல் ஒரு மணி நேரம் குழப்பமாகத்தான் இருக்கும். பாத்திரப் பட்டியல் ஒன்றை போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. கேட்டு முடித்ததும் மனதில் நின்ற ஒரு காட்சியை மட்டும் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். வெட்டப்பட்டது என்ன என்பது அந்தப் பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மீதியையும் படிக்கலாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.