வெயிலில் நிற்கும் மரத்துக்கு வார்னிஷ் போதுமா?

திருத்தணி வட்டாரத்தில் சித்திரை, வைகாசி வெயில் கடுமையானது. வாசற்கதவுக்கும் மாட்டுவண்டிக்கும் பூசும் சாதாரண வார்னிஷ் நிழலில் தாங்கும், வெயிலில் தாங்காது. கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் புற ஊதாக் கதிர் அதில் ஊடுருவி, மரநார்களைப் பிணைக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. பிடிப்பிழந்த பூச்சு செதில் செதிலாக உரியும். வெடிப்பில் மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். உரிந்ததைச் சுரண்டாமல் மேலே பூசுவது காசுக்குக் கேடு.

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் காவிப் பொடி கலந்து, நன்கு உலர்ந்த மரத்தில் மெல்லியதாக இருமுறை பூசலாம். வெயிலைக் காவி மறைக்கும். அறுத்த முனைகளே நீரை அதிகம் உறிஞ்சுபவை. அங்கே கூடுதலாகப் பூச வேண்டும். மரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெளிப்புற வார்னிஷைக் கேட்டு வாங்கி, மங்கத் தொடங்கியதுமே தேய்த்து மறுபூச்சு கொடுக்க வேண்டும். பளபளப்புக்கு ஆசைப்பட்டால் அந்த வேலையும் உண்டு.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்கோற்போர் அருகே போட்டுவிடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிப்பதுண்டு. தண்ணீரில் நனைத்து, வெட்டவெளியில் விரித்து உலர்த்துங்கள்.