விளம்பரத்தில் ‘ஏ பிளஸ்’: பட்டம் தரப்போவது யார்?

பிளஸ் டூ முடிவு வந்தால் போதும், புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வரை கல்லூரி விளம்பரங்கள் வரிசைகட்டும். ஏஐசிடிஇ ஒப்புதல், நாக் கிரேடு, என்பிஏ சான்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஆனால் ஒன்று இல்லாவிட்டால் பட்டமே கேள்விக்குறியாகும். மற்றவை இல்லாவிட்டாலும் பட்டம் செல்லும். எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு அட்மிஷன் போடுவது நல்லது.

முதலில் பட்டம்

1956-ம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. புதுக்கோட்டை மன்னர் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. தேர்வைத் தானே நடத்துகிறது. இருந்தும் பட்டம் தருவது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான். மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழக இணைப்பும் ஏஐசிடிஇ ஒப்புதலும் வேண்டும். எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தேசிய மருத்துவ ஆணையம், பி.எட்.டுக்கு என்சிடிஇ என்று படிப்புக்குப் படிப்பு அமைப்பு மாறும்.

ஒப்புதல் கடிதத்தில் பாடப்பிரிவு வாரியாக இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். பிள்ளை சேரப்போகும் பிரிவு, நடப்புக் கல்வியாண்டுக்கான கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு ஒப்புதல் இருப்பதாலேயே புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கும் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

பிறகு தரம்

நாக், என்பிஏ இரண்டும் 1994-ல் தொடங்கப்பட்டவை. நாக் முழுக் கல்லூரியையும் மதிப்பிடும். 4 புள்ளிக்கு 3.51-ம் அதற்கு மேலும் பெற்றால் ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ் என்பது இதுவரையிலான கணக்கு. ஒரு கிரேடு பொதுவாக 5 ஆண்டுக்குத்தான் செல்லும். எனவே எந்த ஆண்டில் வாங்கியது என்று கேளுங்கள். கல்லூரி தொடங்கி 6 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு செட் மாணவர்கள் படித்து முடித்திருக்க வேண்டும். அதன் பிறகே கல்லூரி நாக்குக்கு விண்ணப்பிக்க முடியும். அதனால் புதிய கல்லூரிக்குக் கிரேடு இல்லாதது குறையல்ல.

என்பிஏ மதிப்பிடுவது தனித்தனிப் படிப்பை. மெக்கானிக்கலுக்குச் சான்று இருந்தால் அது சிவிலுக்கு ஆகாது. சிங்கப்பூர் வேலையை மனதில் வைத்துச் சேர்ப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பொறியியல் படிப்புகளை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானது; சிங்கப்பூரும் அதில் இருக்கிறது. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகள் அடங்கிய ‘டயர்-1’ பிரிவில் சான்று பெற்ற பொறியியல் படிப்புகளுக்கு மட்டுமே அந்த ஒப்பந்தம் பொருந்தும். ‘என்பிஏ இருக்கிறது’ என்ற பதிலோடு நின்றுவிடாமல், எந்த டயர் என்றும் கேட்க வேண்டும்.

காகிதத்தோடு நிற்க வேண்டாம்

ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டதை, 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. ஆந்திராவில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்ற நாக் குழுவினரை, லஞ்சப் புகாரில் 2025 பிப்ரவரியில் சிபிஐ கைது செய்தது. சான்றிதழ்கள் அனைத்தும் பொய் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் சான்றிதழை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது.

இணைப்பு, ஒப்புதல், கிரேடு மூன்றையும் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் காசில்லாமல் சரிபார்க்கலாம். யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலும் அதன் இணையதளத்தில் கிடைக்கும். பிறகு ஒரு வேலைநாளில் கல்லூரிக்குப் போய், சேரப்போகும் துறையின் ஆய்வகத்தைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். கட்டணத்தை அதற்குப் பிறகு கட்டலாம்.