தீவக மின்றிட்டமும் நிறுவன நீக்கமும்

மின்றொழிலில் நிறுவனமொன்று நீங்குதல் இருவகைப்படும்: தானே விலகல், பிறரால் விலக்கப்படல். இவ்விரண்டனுள் எளிதில் அடங்காததொன்று யாழ்ப்பாணத் தீவகத்தில் நிகழ்ந்தது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இவற்றிற் காற்று, சூரிய மின்னிலையங்கள் அமைக்கும் பணியை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை சினோசோர்–ஈடெக்வின் என்னும் சீனக் கூட்டு நிறுவனத்துக்கு அளித்தது. இந்தியா மறுப்புரைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையாற் பணி இடைநிறுத்தப்பட்டதெனச் சீனத் தூதரகம் அறிவித்தது.

பின்னர்க் கடனின் இடத்தை 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடை பெற்றது. 2024 மார்ச் 1இல் பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று.

கேள்விப்பத்திர விதிகள் விலையையும் திறமையையும் நிறுப்பன. அயல்நாட்டின் அச்சத்தை நிறுப்பனவல்ல. அதனால் நேர்ந்த மூன்றாண்டுத் தாமதத்தைச் சுமந்தோர் தீவக மக்களே.