பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர்



தேயிலைச் செடி பூக்கும் தாவர இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்து வரும் நம் மலையகக் குடும்பங்களிலேயே அதன் பூவைச் சற்று நின்று உற்று நோக்கியவர்கள் எத்தனை பேர்? பொகவந்தலாவையைத் 'தேயிலையின் தங்கப் பள்ளத்தாக்கு' எனப் புகழ்வார்கள். அந்தத் தங்கம் கொழுந்து; பூ அன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நாம் கிள்ளுகின்ற மொட்டுகூட இலை விரியும் குருத்தே தவிரப் பூமொட்டு அன்று. ஓயாது கொழுந்து எடுத்தும், காலந்தோறும் கவ்வாத்து வெட்டியும் செடியை இலைக்கென்றே வளர்க்கிறோம். கவனிப்பாரற்று விடப்பட்ட மலையோரச் செடியில்தான் வெண்ணிற இதழ்களும் நடுவே மஞ்சள் நிறக் கேசரங்களுமாய் அந்தப் பூ தாராளமாக மலர்கிறது.

ஆனால், தாவரவியல் அறிஞர் ஒருவரிடம் ஒரு செடியைக் கொடுத்துப் பாருங்கள். அவர் முதலில் தேடுவது பூவைத்தான். புல்லி எத்தனை, இதழ் எத்தனை, கேசரம் எத்தனை, சூலகம் எவ்வாறு அமைந்துள்ளது என்று பொறுமையோடு எண்ணிப் பார்த்து, அச்செடி எந்தக் குடும்பத்தின் பிள்ளை, எவற்றுக்கெல்லாம் உறவு என்று கண்டறிந்து அதற்குப் பெயர் சூட்டுகிறார். சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒவ்வொரு தாவரத்திற்கும் இரு சொற்களால் ஆன பெயரை வழங்கினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும்; இரண்டாவது சொல் அந்தச் செடியை மட்டுமே குறிக்கும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயரோடு சேர்த்தெழுதும் நம் வழக்கத்தை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இலங்கைக்கும் இப்பணியில் பங்கு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு மருத்துவராக இருந்த போல் ஹெர்மன் உலர்த்திச் சேகரித்த செடிகளை ஆராய்ந்தே, லின்னேயஸ் 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை எழுதினார்.

தேயிலையின் இன்றைய அறிவியல் பெயர் கமேலியா சினென்சிஸ். 'சினென்சிஸ்' என்றால் சீனாவுக்குரியது. 'கமேலியா' என்பது யார்? அது ஒரு கத்தோலிக்கத் துறவியின் பெயர் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

ஜோர்ஜ் ஜோசப் கமெல் 1661-ஆம் ஆண்டு, இன்றைய செக் குடியரசில் உள்ள புர்னோ நகரில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்த அவர் குருப்பட்டம் பெறவில்லை. அருட்சகோதரராகவே இறுதிவரை வாழ்ந்தார். மருந்து தயாரிப்பதே அவரது தொழில். 1688-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவை அடைந்து, அங்கே இயேசு சபைக் கல்லூரியில் மருந்தகம் ஒன்றை நடத்தி, ஏழைகளுக்கு இலவசமாக மருந்து வழங்கினார். ஐரோப்பாவிலிருந்து மருந்து வந்து சேர நெடுங்காலம் ஆகும். எனவே அவர் அம்மண்ணின் செடிகளையே நாடினார். உள்ளூர் மக்களிடம் கேட்டறிந்து, அவர்கள் வழங்கிய பெயர்களையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு செடியையும் வரைந்து விவரித்தார்.

தம் குறிப்புகளையும் ஓவியங்களையும் அவர் இலண்டனுக்கு அனுப்பினார். முதலில் அனுப்பியவை கடற்கொள்ளையரிடம் சிக்கின. சகோதரர் கமெல் மனம் தளராமல் மீண்டும் எழுதினார், மீண்டும் வரைந்தார். அவை இலண்டன் சென்றடைய உதவியவர்களுள் ஒருவர், சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் சாமுவேல் பிரவுன். அவரும் சென்னைச் சுற்றுப்புறச் செடிகளைத் திரட்டி, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு இலண்டனுக்கு அனுப்பி வந்தவரே. 1704-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜோன் ரே, தமது பெருநூலின் மூன்றாம் தொகுதியில் கமெலின் குறிப்புகளைப் பிற்சேர்க்கையாக வெளியிட்டார். ஜோன் ரே ஆங்கிலத் திருச்சபையின் குரு. கமெல் இயேசு சபைத் துறவி. இரு திருச்சபைகளுக்கும் இடையே கசப்பு மிகுந்திருந்த அக்காலத்தில், கடவுளின் படைப்பை ஆராயும் அன்பு அவ்விருவரையும் ஒரே நூலில் இணைத்தது.

1706-ஆம் ஆண்டு கமெல் மணிலாவில் இறந்தார். லின்னேயஸ் பிறந்ததே அதற்கு மறு ஆண்டில்தான். தாம் ஒருபோதும் சந்தித்திராத அந்த எளிய சகோதரரின் உழைப்பை மதித்து, அழகிய பூச்செடிகளின் பேரினம் ஒன்றிற்கு லின்னேயஸ் அவர் பெயரைச் சூட்டினார். அச்செடியைக் கமெல் கண்டுபிடித்தார் என்பதற்காக அன்று. அவர் ஆற்றிய பணிக்காகவே.

ஆனால், தேயிலையை லின்னேயஸ் அப்பேரினத்தில் சேர்க்கவில்லை. அதைத் தனியினமாகக் கருதினார். 1762-இல் இன்னும் ஒருபடி சென்று, இதழ்களின் எண்ணிக்கையை வைத்துக் கருந்தேயிலைச் செடி வேறு, பச்சைத் தேயிலைச் செடி வேறு என்றும் பிரித்துவிட்டார். 1840-களில் சீனாவில் பயணம் செய்த ரொபர்ட் ஃபோர்ச்சூன், இரண்டும் ஒரே செடியின் இலைகளே என்று நேரில் கண்டு உரைத்தார். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட நிறம் மாறவிட்டு உலர்த்தினால் கருந்தேயிலை. நிறம் மாறும் முன்பே சூடேற்றி உலர்த்தினால் பச்சைத் தேயிலை. வேற்றுமை பிறப்பில் இல்லை. பதப்படுத்தும் முறையில்தான் இருக்கிறது. 1887-ஆம் ஆண்டு ஓட்டோ குண்ட்சே என்னும் ஜெர்மானிய அறிஞர் வழங்கிய பெயராலேயே இன்று தேயிலையை உலகம் அறிகிறது. உற்று நோக்க நோக்க, அந்நியம் என்று எண்ணப்பட்டது உறவு என்று தெரியவந்தது. நல்ல வகைப்பாட்டின் பயன் இதுவே.

அன்புக்குரியவர்களே, மனிதரை வகைப்படுத்தியவர்களுக்கு இந்தப் பொறுமை இருந்ததா? 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதை வரலாறு பெயரோடு சொல்கிறது. அவருக்காக நிலத்தைத் திருத்திய கைகளின் பெயர்களை எங்கே தேடுவது? 1911-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நம் முன்னோர் 'இந்தியத் தமிழர்' என்று தனியே வகுக்கப்பட்டனர். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைக்க வழிவகுத்த சட்டம் 2003-இல்தான் வந்தது. செடியைப் பிரித்ததில் நேர்ந்த பிழை நூலில் திருத்தப்பட்டது. மனிதரைப் பிரித்ததில் நேர்ந்த பிழைக்கோ தலைமுறைகள் விலை கொடுத்தன.

தோட்டத்தில் நாம் வழங்கும் ஒரு சொல்லையும் எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் வேலைக்கு நாம் இட்டிருக்கும் பெயர் 'பேர்'. விதித்த அளவுக்குக் கொழுந்து நிறையாவிட்டால் 'அரைப் பேர்'. மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுதும் நின்ற ஒரு தாய், தராசில் சில கிலோ குறைந்ததால் அரைப் பேரோடு வீடு திரும்புகிறாள். செடிக்கு முழுப் பெயர் இருக்கிறது. அதன் கொழுந்தைக் கிள்ளியவளுக்கு அன்று பாதிப் பெயர்தான்.

கடவுளின் ஏட்டில் அரைப் பேர் கிடையாது. மண்ணிலிருந்து உருவாக்கிய உயிரினங்களை ஆண்டவர் மனிதனிடம் கொண்டு வந்தார் என்றும், மனிதன் இட்ட பெயரே அவற்றுக்குப் பெயராயிற்று என்றும் தொடக்கநூல் (2:19-20) கூறுகிறது. கடவுள் மனிதனிடம் ஒப்படைத்த முதற்பணிகளுள் ஒன்று, பெயரிடும் அளவுக்குப் பிற உயிர்களைக் கூர்ந்து நோக்குவது. லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறும் உவமையில் செல்வனுக்குப் பெயர் இல்லை. அவன் வாயிலில் கிடந்த ஏழைக்கோ இலாசர் என்ற பெயர் இருக்கிறது. ஊரார் ஏட்டில் இருந்திருக்கக் கூடியது செல்வனின் பெயரே; ஆண்டவரின் நாவில் இருந்ததோ ஏழையின் பெயர்.

உயிர்த்தெழுந்த காலையை யோவான் விவரிப்பதையும் (20:11-18) நினைவுகூருங்கள். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மகதலா மரியா, தன்முன் நின்ற இயேசுவைத் தோட்டக்காரர் என்றே நினைத்தார். அவர் பேசியபோதும் அடையாளம் தெரியவில்லை. 'மரியா' என்று பெயர் சொல்லி அழைத்த அந்த நொடியில்தான் கண்ணீர் நீங்கி, ஆண்டவரை அறிந்துகொண்டார். தோட்டத்தில் உழைப்போருக்கு இதைவிட ஆறுதலான காட்சி எது? உயிர்த்த ஆண்டவர் தோட்டக்காரரைப் போலவே தோன்றினார். தோட்டத்தில் நின்று ஒரு பெண்ணை முழுப் பெயரோடு அழைத்தார்.

ஆகவே, இவ்வாரம் உங்கள் இல்லங்களில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, பிள்ளைகளை அழைத்துச் சென்று தேயிலைப் பூவைக் காட்டுங்கள். இதழ்களை எண்ணச் சொல்லுங்கள். அதன் பெயருக்குப் பின்னே நிற்கும் சகோதரர் கமெலைப் பற்றிக் கூறுங்கள். இரண்டாவது, மூத்தோரிடம் கேட்டு, இம்மண்ணில் உழைத்து மறைந்த பாட்டன் பாட்டிமாரின் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதி, குடும்ப செபத்தில் அவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூருங்கள். மூன்றாவது, அயலாரையும், உங்களிடம் பணிபுரிவோரையும் பட்டப்பெயராலோ தொழிலாலோ சாதியாலோ குறிக்காமல், திருமுழுக்கில் பெற்ற பெயரால், பெற்றோர் இட்ட பெயரால் மரியாதையோடு அழையுங்கள்.

செபிப்போமாக: எங்களை ஒவ்வொருவராக அறிந்திருக்கும் விண்ணகத் தந்தையே, மறைவாய்ப் பூக்கும் மலரையும் நீர் காண்கிறீர். எங்கள் முன்னோரின் பெயர்கள் மனிதர் ஏட்டிலிருந்து மறைந்தாலும் உம் திருமுன் மறைவதில்லை என்று நம்புகிறோம். உழைப்போர் அனைவரும் தம் உழைப்புக்குரிய முழுப் பலனையும், மனிதருக்குரிய முழு மாண்பையும் அடையச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.