ஜவ்வாது மலைக்கு எந்த மாதத்தில் பணம் வரவேண்டும்?

ஓர் அறக்கட்டளை மலைவட்டாரம் ஒன்றுக்கு ஓராண்டில் எவ்வளவு கொடுத்தது என்பதை அதன் ஆண்டறிக்கை ஒரே தொகையாகச் சொல்லிவிடும். பெரிய தொகையாக இருந்தால் நாமும் மகிழ்ந்துபோவோம். ஆனால் கொடுத்தது மானியமா, கடனா, அது கைக்கு எந்த மாதத்தில் வந்தது என்று தெரியாமல் அந்தத் தொகையை மதிப்பிட முடியாது. ஜவ்வாது மலைச் சாமையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்திருக்கிறது இந்த மலை. வெளியூர்க்காரர்களுக்குக் காவலூர் வானாய்வகத்தால் பரிச்சயம். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்). மானாவாரிச் சாமையும் புளியும் தேனும்தான் கையில் காசு பார்க்க வழி.

சாமையில் ஒரு சிக்கல் உண்டு. உமி நீக்கினால்தான் அரிசி. உரலில் குத்துவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. நெல் ஆலையில் போட்டால் பொடியாகும். அதனால் தமிழ்நாட்டுச் சாமை நெடுங்காலமாகத் தானியமாகவே வியாபாரி கைக்குப் போய், நாசிக் ஆலைகளில் அரிசியாகி, நம் கடைகளுக்கே திரும்பி வந்தது. இடையில் கூடிய விலையில் விளைவித்தவருக்குப் பங்கில்லை. 2011 முதல் 2014 வரை தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் பல்கலைக்கழகங்கள் ஆகியவை சேர்ந்து சிறுதானியத் திட்டம் ஒன்றை நடத்தின. பணம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து வந்தது. ஜவ்வாது மலையும் அதன் களங்களில் ஒன்று. சிறிய உமி நீக்கும் எந்திரங்களைச் செய்து பார்ப்பது அதில் முக்கிய வேலை.

இந்த மாதிரி வேலைக்கு மானியம்தான் சரி. புது எந்திரம் ஓடுமா ஓடாதா என்பது தெரியாத நிலையில் விவசாயி கடன் வாங்கக் கூடாது.

எந்திரம் வந்த பிறகுதான் உண்மையான தலைவலி. அறுவடையன்று சாமையை ரொக்கம் கொடுத்து வாங்க யாரிடம் பணம் இருக்கிறது? ஜமுனாமரத்தூரில் பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது; எல்லோரும் ‘லேம்ப்’ என்பார்கள். 1971இல் அமைந்த பாவா குழுவின் பரிந்துரையில் நாடு முழுக்கப் பிறந்த வகை அது. பழங்குடி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனமும் இருக்கிறது. சங்கத்தின் ஜனநாயகமும் நிறுவனத்தின் வேகமும் சேரட்டும் என்று 2002இல் கம்பெனிச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட வடிவம் இது. உற்பத்தி செய்பவர் மட்டுமே பங்கு வாங்கலாம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு.

பேச்சுக்கு 300 உறுப்பினர்கள், ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 3 லட்சம். 2020இல் ஒன்றிய அரசு தொடங்கிய 10,000 உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சேர்ந்திருந்தால், பங்குத் தொகைக்கு ஈடான மானியம் கிடைக்கும். உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, அமைப்புக்கு 15 லட்சம் வரை. நம் கணக்கில் இன்னொரு 3 லட்சம். மொத்தம் 6 லட்சம். சாமை கிலோ 30 ரூபாய் என்றால் 20 டன் வாங்கலாம். ஒரு குடும்பத்துக்கு 67 கிலோ. ஏறக்குறைய ஒரு மூட்டை! மீதி மூட்டைகள் எங்கே போகும்? ஆடியில் முன்பணம் கொடுத்த வியாபாரியிடம்தான். வாங்கிய சாமையும் அரிசியாகி விற்றுத் தீரும்வரை அந்த 6 லட்சம் முடங்கிக் கிடக்கும். மாசி, பங்குனியில் புளி வரும்போது பெட்டி காலி.

அறக்கட்டளைகள் இங்கே ஏன் கைகொடுப்பதில்லை? மனமில்லாமல் இல்லை. வரிவிலக்கு வேண்டுமானால் பொது அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே செலவழிக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்துவைக்க முறைப்படி அறிவிக்க வேண்டும். மார்ச் 31 நெருங்கும்போது பயிற்சி முகாம்களும் கட்டடங்களும் எந்திரங்களும் பெருகுவதற்கு இந்த விதிக்கும் பங்குண்டு. சாமைக்குப் பணம் வேண்டியதோ மழைக்காலத்தை ஒட்டிய அறுவடையில். பங்கு வாங்கி உதவலாம் என்றால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வெளியாருக்கு இடமில்லை. அறக்கட்டளைப் பணத்தை எங்கே போட்டுவைக்கலாம் என்பதற்கும் வருமான வரிச் சட்டத்தில் தனிப் பட்டியல் உண்டு.

வங்கிக் கடன் என்றால் அடமானம் கேட்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் கிடைக்கும் நில உரிமை வாரிசுக்குப் போகும். விற்கவோ மாற்றவோ முடியாது. பழங்குடியினர் நிலம் கைமாறாதிருக்க இது தேவையான காவல். ஆனால் வங்கி மேலாளருக்கு அது ஈடாகத் தெரியாது. இதற்காகத்தான் அந்த 2020 திட்டத்தில் 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு உத்தரவாத நிதி வைத்தார்கள். அதை எட்டிப்பிடிக்க ஒழுங்கான கணக்கும் தணிக்கையும் முழுநேர மேலாளரும் வேண்டும். மேலாளர் சம்பளம் உள்ளிட்ட நிர்வாகச் செலவுக்கு அரசு தருவது 3 ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை. நான்காம் ஆண்டு பல நிறுவனங்கள் திணறுவது இதனால்தான்.

அறக்கட்டளையின் இடம் இங்கேதான் என்பது என் கணிப்பு. கணக்கர் சம்பளம், அறுவடைக்கு முன் தந்து அரிசி விற்றபின் திரும்பப் பெறும் சுழல்நிதி, விற்காமல் போனால் முதல் நட்டத்தைத் தாங்கும் ஒரு சிறு வைப்பு. படம் எடுத்துப் போட இவற்றில் ஒன்றும் இல்லை. புது விதை தருவதும் (அத்தியந்தல் சிறுதானிய மையத்தின் ‘அத்தியந்தல் 1’ சாமை, 2019), சாலை போடுவதும், எடைமேடை சரிபார்ப்பதும் அரசும் பல்கலைக்கழகமும் செய்யட்டும்.

நீங்கள் ஏதாவது அறக்கட்டளைக்கு நன்கொடை தருபவராக இருந்தால், இந்த ஆண்டு அறிக்கை வந்ததும் இரண்டே கேள்வி கேளுங்கள்: அறுவடை மாதத்தில் கொள்முதலுக்கு எவ்வளவு ரொக்கம் இருந்தது? அதில் எவ்வளவு திரும்பி வந்தது?