காருக்குள் குறுக்குக் கம்பி: பலமா? பம்மாத்தா?

சென்னை,-

கார் பானட்டைத் தூக்கினால் என்ஜினுக்கு மேலே குறுக்கே பளபளவென்று ஒரு கம்பி. சிவப்பு, நீலம், வெள்ளி என்று பல வர்ணம். நகரத்து இளவட்டங்கள் ஆசையாய் வாங்கி மாட்டும் சாமான் இது. பெயர் "ஸ்ட்ரட் பார்".

"பாரைப் போட்டுப் பாருங்க சார், வண்டி ரோட்டை அப்படியே கவ்விக்கும்!"

இது விற்கிறவர்களின் வழக்கமான பல்லவி. கவ்வுமா?

ஈரத்துணி போல...

இரும்புக் கார் முறுக்கிக்கொள்ளுமா என்று கேட்கலாம். முறுக்கிக்கொள்ளும்! ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால், ஈரத்துணியைப் பிழிவது போல மொத்த பாடியும் லேசாகத் திருகுகிறது. கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத் தெரியும். டேஷ்போர்டில் "கிரீச்", கதவில் "கடக்".

இன்றைய செடான் கார்கள் இந்த விஷயத்தில் கெட்டி. பல கார்களை ஒரே ஒரு டிகிரி முறுக்க வேண்டுமானால், ஒரு மீட்டர் நீளக் கடப்பாரையின் நுனியில் சுமார் 2 டன் எடையைத் தொங்கவிட வேண்டும். பழைய வண்டிகள் அந்த அளவுக்குத் தாங்காது.

சென்னை கம்பெனியான ஸ்டாண்டர்டு மோட்டார், 1961ல் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. அதற்குத் தனியாக சேசிஸ் உண்டு. அதன் மேல் பாடியை போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். அம்பாசிடரில் அப்படி இல்லை. பாடிதான் சேசிஸ், சேசிஸ்தான் பாடி. இன்றைய கார்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

அம்பாசிடருக்கு முன்பக்கம் டார்ஷன் பார். அதில் ஸ்ட்ரட் என்ற பேச்சே கிடையாது. 1983ல் மாருதி 800 வந்த பிறகுதான் நம் ஊர் மெக்கானிக்குகளின் வாயில் "ஸ்ட்ரட்" என்ற வார்த்தை புழங்க ஆரம்பித்தது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாய் நிற்கும் தூண் அது. அதன் தலை, பானட்டுக்குள் இரண்டு பக்கமும் கோபுரம் போல் எழும்பி நிற்கும் தகட்டில் மாட்டியிருக்கும்.

வேகமாக வளைவில் திரும்பும்போது இந்தக் கோபுரங்கள் மில்லிமீட்டர் கணக்கில் அசைகின்றன. சக்கரத்தின் சாய்வும் கூடவே மாறுகிறது. இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால் அசைவு குறையும். தத்துவம் அவ்வளவுதான். சும்மா சொல்லக்கூடாது, தத்துவம் சரியானதே.

ரேஸுக்கு ஓகே, ரோட்டுக்கு?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் டயர் கதறக் கதறத் திரும்புகிறவருக்கு இந்த வித்தியாசம் ஸ்டியரிங்கில் தெரியலாம். அண்ணா சாலை நெரிசலில் முப்பதில் ஊர்ந்து போகிறவருக்கு என்ன தெரியும்? பானட்டைத் திறந்தால் கம்பி தெரியும்!

கம்பியிலும் தராதரம் உண்டு. அலுமினியம் பார்க்க அழகு, எடையும் குறைவு. ஆனால் அதே அளவுள்ள உருக்குக் குழாயோடு ஒப்பிட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குதான். என்ஜினில் இடிக்காமல் இருக்க வில்லாக வளைத்த கம்பி, சுமை வந்ததும் இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நேர்க்கம்பியே உசத்தி. இரு முனையிலும் கீல் மாதிரி ஆடும் மூட்டு வைத்த கம்பி, நீளவாக்கில் மட்டுமே தாங்கும், முறுக்கைத் தடுக்காது. கோபுரங்களை என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரோடும் சேர்த்து முக்கோணமாய்க் கட்டினால்தான் உருப்படியான பலம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கக் கோபுரத்தில் பலமான இடி விழுந்தால், கம்பி அதை அடுத்த பக்கத்துக்கும் கடத்தலாம். ஒரு பக்கம் டிங்கரிங் செய்யவேண்டிய இடத்தில் இரு பக்கமும் செலவு!

கம்பி சொல்லும் சாட்சி

பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தக் கம்பி விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

விபத்தில் நசுங்கிய காரை இழுத்து நிமிர்த்தி, பட்டி பூசி, பெயிண்டு அடித்து, கடைசியில் பளபளவென்று ஒரு பாரும் மாட்டிவிட்டால், வாங்குகிறவர் கண்ணுக்கு அது "ரேஸ் வண்டி". கோணிப்போன சேசிஸை எந்தப் பாரும் நிமிர்த்தாது. துருப்பிடித்து இற்றுப்போன தகட்டுக்கும் அது வைத்தியம் ஆகாது. உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊரில் இது சின்ன விஷயமா?

வேடிக்கை என்னவென்றால், அதே கம்பி காட்டிக்கொடுக்கவும் செய்யும். அந்த மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்த, நீளம் மாறாத கம்பி, நல்ல காரில் எல்லா ஓட்டையிலும் லகுவாக உட்கார வேண்டும். உட்காரவில்லையா? கம்பி சரியான மாடலுக்கு உரியதுதான் என்றால், கோபுரம் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். அப்போது, "கம்பெனி ஓட்டை அப்படித்தான் இருக்கும் சார்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டையை அரத்தால் ராவிப் பெரிதாக்கினால், சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் கம்பிகளும் உண்டு. அவை கோணல் காரிலும் சமர்த்தாய் உட்கார்ந்துவிடும். அவற்றை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கூரையை அறுத்தால்...

கல்யாண ஊர்வலத்துக்காகப் பழைய காரின் கூரையை அறுத்து "ஓப்பன் கார்" ஆக்குவது இதற்கு நேர் எதிரான கூத்து. பாடியே சேசிஸாக இருக்கும் வண்டியில் கூரையும் சுமை தாங்குகிறது. மூடியுள்ள அட்டைப் பெட்டி விறைப்பாய் நிற்கும், மூடியைக் கிழித்தால் தொளதொளவென்று ஆகும், அதே கதைதான். வண்டி நடுவில் தொய்யும், கதவு சிக்கும். பிறகு அடியில் ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்து ஒட்டுப் போடுவார்கள்.

சட்டமும் இதை ஏற்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. காரின் மூக்கில் மாட்டும் "புல் பார்" கம்பிகளுக்கு எதிராக, 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது.

டேப் ஒன்று போதும்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ஒரு அளவு டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். இடது கோபுரத்து போல்ட்டிலிருந்து வலது பானட் கீல் வரை ஒரு அளவு. வலது கோபுரத்திலிருந்து இடது கீல் வரை இன்னொரு அளவு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் விற்பவரிடம் காரணம் கேட்கலாம்.

அடுத்தது ஜாக்கி. கார் நிற்கும்போது ஒரு மூலையை மட்டும் தூக்கிவிட்டு, நான்கு கதவையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். தரையில் லகுவாய்த் திறந்த கதவு இப்போது பிடித்தால், பானட்டுக்குள் பார்ப்பதை விட்டுவிட்டு, மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டைப் பார்ப்பது நல்லது.